மியூசிக்கல் தியேட்டர் கேம்ப்புக்கு போறீங்களா? பெட்டி கட்டுறதுக்கு முன்னாடி இத படிச்சிருங்க

பாட்டு, நடிப்பு, டான்ஸ் மூணையும் சேத்து, அங்கயே தங்கி, ரெண்டு மூணு வாரத்துல ஒரு ஷோவ மேடை ஏத்துறது தான் இந்த கேம்ப். கேக்க ஜாலியா இருக்கும், ஆனா போன ஒண்ணு ரெண்டு நாள்லயே ஆடிஷன் வந்து நிக்கும், அதனால பாதி வேலை வீட்லயே முடிஞ்சிருக்கணும்.

ஆடிஷனுக்கு பெரும்பாலும் 16 பார் இல்ல 32 பார் தான் கேப்பாங்க (பார்னா பாட்டுல தாளத்தோட ஒரு சுத்து), அதாவது அரை நிமிஷம், மிஞ்சிப்போனா ஒன்றரை நிமிஷம். பாட்ட முதல் வரியில இருந்து தான் ஆரம்பிக்கணும்னு இல்ல, உங்க குரல் நல்லா எடுபடுற இடத்த மட்டும் வெட்டி எடுங்க. எட்டாத நோட்டு வேண்டாம், காலங்காத்தால பதட்டத்துல பாடினாலும் சறுக்காம வர்றது எதுவோ அது போதும். பசங்களுக்கு 12ல இருந்து 15 வயசுக்குள்ள குரல் உடையுற நேரம், மூணு மாசம் முன்னாடி செட் ஆன சுருதி இப்ப செட் ஆகாம போகலாம், கிளம்புறதுக்கு ஒரு வாரம் முன்னாடி இன்னொரு தடவ பாடி பாத்துருங்க.

பியானோவுக்கு பாடணும்னா ஷீட் மியூசிக், அதாவது பியானிஸ்ட் பாத்து வாசிக்கிற நோட்ஸ் தாள், உங்க சுருதியிலயே இருக்கட்டும், அங்க போய் ரெண்டு கட்டை எறக்கி வாசிங்கன்னு கேக்குறதெல்லாம் நடக்காது. நான் முதல் தடவ போனப்ப நாலு தாள அப்படியே கொண்டு போய் ஸ்டாண்ட்ல வெச்சேன். ஃபேன் காத்துல மூணாவது தாள் பறந்து பியானோவுக்கு அடியில போயிருச்சு, பியானிஸ்ட் ரெண்டாம் பக்கத்தோட நிறுத்திட்டு என்ன பாக்குறாரு, நான் அவர பாக்குறேன், எதிர்ல உக்காந்திருக்குற மூணு பேரும் எங்க ரெண்டு பேரையும் பாக்குறாங்க! ரிங் ஃபைல்ல போடுங்க, பக்கத்த முன்னும் பின்னுமா பிரிண்ட் எடுங்க, எங்க ஆரம்பம் எங்க முடிவுன்னு பளிச்சுனு குறிச்சிருங்க. வேகம் சொல்றதுக்கு ரெண்டு வரி மெதுவா பாடி காட்டுனா போதும், பியானிஸ்ட் மூஞ்சிக்கு நேரா விரல சொடுக்காதீங்க ப்ளீஸ். பாடும்போது ஜட்ஜுங்க கண்ணையே முறைக்காம அவங்க தலைக்கு கொஞ்சம் மேல பாத்து பாடுங்க.

லீட் ரோல் கெடைக்கலனா ஒரு மூலையில உக்காந்து அழுதுட்டு வந்துருங்க, தப்பில்ல. ஆனா குரூப்ல ஆடுறவங்களுக்கு தான் ஹார்மனியும் (ஒரே நேரத்துல வேற வேற சுரத்துல சேந்து பாடுறது) ஸ்டெப்பும் நெறைய, சும்மா நிக்கவே விட மாட்டாங்க.

ஸ்கிரிப்ட்ல எல்லாத்தையும் பென்சில்ல எழுதுங்க, இன்னிக்கு இடது பக்கம் போக சொன்ன டைரக்டர் நாளைக்கு வலதுன்னு சொல்லுவாரு. ஸ்டேஜ்ல இடதுன்னா ஆடியன்ஸ பாத்து நிக்கிற உங்களோட இடது, இது குழம்பி முதல் நாளே முட்டிக்காத ஆளு கம்மி.

இப்ப முக்கியமான விஷயம், தொண்டை. பகல் பூரா பாடிட்டு ராத்திரி ரூம்ல விடிய விடிய கத்தி அரட்டை அடிச்சா மூணாவது நாளே குரல் கட்டிக்கும், ரிகர்சல் இல்ல, அந்த அரட்டை தான் பாதி பேர காலி பண்ணும்னு நான் நெனைக்கிறேன். கரகரன்னு ஆச்சுனா கிசுகிசுன்னு பேசி சமாளிக்காதீங்க, அதுலயும் தொண்டை இறுகும், வாயே தொறக்காம இருங்க. டான்ஸ் ரிகர்சல்ல டைரக்டர்கிட்ட கேட்டுட்டு பாட்ட மார்க் பண்ணுங்க, அதாவது முழு குரல் விடாம லேசா பாடுறது. தண்ணி பாடுறதுக்கு முன்னாடி மடக்குனு குடிச்சா பிரயோஜனம் இல்ல, காலையில இருந்தே கொஞ்சம் கொஞ்சமா குடிச்சிட்டே இருங்க.

பெட்டியில டான்ஸ் ஷூ கட்டாயம், புதுசுன்னா வீட்லயே போட்டு பழக்கிருங்க, இல்லனா கொப்பளம் தான். மாத்திரை இருந்தா டாக்டர் சீட்டோட கேம்ப் நர்ஸ்கிட்ட குடுத்துருங்க.

ஷோவுக்கு முன்னாடி டெக் ரிகர்சல்னு ஒண்ணு வரும், லைட்டும் சவுண்டும் சரி பண்றதுக்காக ஒரே சீன திரும்ப திரும்ப ஓட்டுவாங்க, மணிக்கணக்குல போகும். ‘ஹோல்ட்’னு குரல் வந்தா கை தூக்குனது தூக்குனபடி அப்படியே நில்லுங்க, பேச்சும் கூடாது. விங்ஸ்ல, அதாவது மேடையோட ஓரத்துல மறைவா, காத்திருக்க ஒரு ஸ்வெட்டரும், சத்தம் வராத மாதிரி ஏதாவது ஒரு புக்கும் வெச்சுக்கோங்க, மொறுமொறுன்னு தின்றது எதுவும் வேணாம், மைக் ஆன்ல இருக்கும்.