சிபிஆர் நடுவில் ஸ்கேன்: பத்து வினாடிக்குள் பார்ப்பது எப்படி

தொப்பூர் கணவாய் விபத்தில் அடிபட்டவரோ, வேலையிடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தவரோ, இதயம் நின்ற நிலையில் தருமபுரி, கிருஷ்ணகிரி எமர்ஜென்சிக்கு வந்தால் முதலில் நெஞ்சழுத்தம், டிஃபிப்ரிலேட்டர் (இதயத்துக்கு மின் ஷாக் கொடுக்கும் கருவி), ஆக்சிஜன். இதயத்தை அல்ட்ராசவுண்டில் பார்க்கும் ஸ்கேன் அதற்குப் பிறகுதான். அதிகம் உதவுவது, மானிட்டரில் ரிதம் (இதயத்தின் மின்துடிப்பு) ஓடியும் பல்ஸ் கிடைக்காதபோது.

கருவின் பாலினம் கண்டறிவதைத் தடுக்கும் 1994 சட்டப்படி பதிவு செய்த மெஷின் எமர்ஜென்சியிலேயே இருக்க வேண்டும். ரேடியாலஜியில் பூட்டிக் கிடந்தால், சாவி வருவதற்குள் நேரம் போய்விடும்.

ஸ்கேன் பிடிப்பவர் டீம் லீடராக இருக்கக் கூடாது. இரண்டையும் ஒருவரே செய்தால் அழுத்தம் நிற்கும் நேரம் நீண்டுவிடும். கார்டியாக் புரோப் (இதயம் பார்க்க உடம்பில் வைக்கும் ஸ்கேன் முனை), ஆழம் 15 முதல் 20 செ.மீ., 6 வினாடி கிளிப் என முன்கூட்டியே செட் செய்துகொள்ளுங்கள். அழுத்தம் நடக்கும்போதே நெஞ்சுக்குழியில் ஜெல் வைத்து, புரோபைப் படுக்கையாகச் சாய்த்து இடது தோளை நோக்கிப் பிடியுங்கள். மூச்சுக் கொடுக்கும் பேக்கை அழுத்தியதில் வயிறு உப்பியிருந்தால் திரை வெள்ளையாக மங்கும். புரோபைக் கொஞ்சம் வலப்புறம் நகர்த்தி, கல்லீரல் வழியாகப் பாருங்கள். ரிதம் செக்குக்கு நிறுத்தியதும் ஒருவர் சத்தமாகப் பத்திலிருந்து கீழே எண்ணட்டும். நீங்கள் கிளிப்பைப் பதிவு மட்டும் செய்யுங்கள். "ஒன்று" என்றதும், படம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அழுத்தம் தொடங்கிவிட வேண்டும். ஷாக் என்றால் புரோபை எடுத்துவிடுங்கள்; சிந்திய ஜெல்லைத் துடையுங்கள், அழுத்துபவர் கை வழுக்கும்.

அழுத்தம் தொடரும்போது கிளிப்பை ஓட்டிப் பாருங்கள். இதயத்தைச் சுற்றிக் கறுப்பு வளையம் இருந்தால் நீர் அல்லது ரத்தம் தேங்கியிருக்கிறது. முன்பக்கம் மட்டும் மெல்லிய பட்டையாகத் தெரிந்தால் கொழுப்பாகவும் இருக்கலாம். தேக்கம் இதயத்தை அமுக்கியிருந்தால், நோயால் வந்ததற்கு ஊசியால் உறிஞ்சலாம். விபத்தில் ரத்தம் உறைந்திருக்கும், ஊசியில் வராது; நெஞ்சைத் திறக்க வேண்டிவரும்.

வலது கீழறை வீங்கியிருப்பதை மட்டும் பார்த்து நுரையீரலில் ரத்தக்கட்டி என்று முடிவு கட்டாதீர்கள். இதயம் சில நிமிடம் நின்றாலே, காரணம் எதுவானாலும், அது விரியும். ஒரு கால் வீக்கம், சமீபத்திய ஆபரேஷன் போன்ற விவரமும் சேர்ந்தால்தான் கட்டி கரைக்கும் மருந்தைப் பற்றி யோசிக்கலாம்.

வால்வு படபடப்பது இதயத் துடிப்பு அல்ல. பேக் அழுத்தும்போதும் அது அசையும். தசைச்சுவர் சுருங்குகிறதா என்று பாருங்கள். சுருங்கியும் பல்ஸ் இல்லையென்றால் ரத்தப்போக்கு, நெஞ்சில் காற்றடைப்பு, இதயத்தைச் சுற்றிய தேக்கம் ஆகியவற்றை உடனே தேடுங்கள்.

அசைவே இல்லாதது கெட்ட அறிகுறிதான். ஆனாலும் அதை மட்டும் வைத்து சிபிஆரை நிறுத்தக் கூடாது. முதல் ரிதம், கடந்த நேரம், மூச்சுக்குழாயில் டியூப் போட்ட நோயாளியில் 20 நிமிடத்துக்குப் பிறகும் வெளிமூச்சுக் கார்பன் டை ஆக்சைடு 10 mmHg-க்குக் கீழேயே நிற்கிறதா என்பது, எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தே லீடர் முடிவெடுக்க வேண்டும்.