மலைமேல் நூறு சிசி: கூட்டுவதற்கு முன் மீட்க வேண்டியது

உதகை கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி கடலோரத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு என்பதால், மேட்டுப்பாளையத்தில் எட்டுக் குதிரைத்திறன் தரும் நூறு சிசி பைக் எஞ்சின், உதகையின் சேரிங் கிராஸை எட்டும்போது ஆறரை அளவில்தான் தரும். ‘பவர் பத்தவில்லை’ என்று நீலகிரிப் பட்டறைகளுக்கு வரும் வண்டிகளுக்குப் புதிதாக ஒன்றைப் பொருத்துவதைவிட, கையிலிருப்பதில் வீணாகிப் போவதை மீட்பதே முதல் வேலை.

வீணாவது பெரும்பாலும் காற்றையும் பெட்ரோலையும் கலக்கும் கார்புரேட்டரில்தான். மேலே ஏற ஏறக் காற்று மெலிகிறது. ஜெட் என்ற சிறுதுளை வழியே வரும் பெட்ரோலோ அதே விகிதத்தில் குறைவதில்லை. கலவையில் பெட்ரோல் மிகுந்து, புகை கறுத்து, மைலேஜ் விழுகிறது. இதை உறுதிசெய்ய, குன்னூருக்குச் சற்றுக் கீழே நீண்ட ஏற்றம் ஒன்றில் ஆக்சிலேட்டரை முக்கால்வாசி முறுக்கிச் சில நிமிடம் ஓட்டி, கிளட்சைப் பிடித்த அதே கணத்தில் எஞ்சினை நிறுத்தி, ஓரமாக ஒதுங்கி, சூடு தணிந்தபின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். நடு மின்முனையைச் சுற்றியுள்ள பீங்கான் பிஸ்கட் நிறத்தில் இருந்தால் கலவை சரி. விரலில் ஒட்டும் கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம். சுண்ணாம்பாய் வெளுத்திருந்தால் குறைவு. மெதுவாக உருட்டிக்கொண்டு வந்து நிறுத்திய வண்டியின் பிளக் எதையும் சொல்லாது.

கரி படிந்திருந்தால், முதலில் ஏர் ஃபில்டரைச் சுத்தம் செய்து மீண்டும் சோதிக்கவும். பிறகும் மாறாவிட்டால், கார்புரேட்டரில் பெட்ரோல் அளவைக் கட்டுப்படுத்தும் ஊசியில் கிளிப் மாட்டும் காடிகள் (பள்ளங்கள்) இருக்கும் வண்டிகளில் கிளிப்பை ஒரு காடி மேலே மாற்றினால் ஊசி கீழிறங்கிப் பெட்ரோல் குறையும். அதுவும் போதாதபோது மட்டும் மெயின் ஜெட்டை ஓர் அளவு சிறிதாக்கலாம். இரண்டு அளவு இறங்கச் சொல்பவர்கள் உண்டு. நானும் ஒருமுறை அவர்கள் பேச்சைக் கேட்டு அப்படிச் செய்தேன். மலையில் வண்டி பறந்தது. மறுவாரம் சித்திரை வெயிலில் கோயம்புத்தூருக்கு இறங்கியபோது, காரமடை தாண்டியதும் எஞ்சின் சலங்கை கட்டியதுபோல் ஒலித்தது. எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டையும் சிலிண்டரையும் கழற்றியபோது பிஸ்டனின் பக்கவாட்டில் நகத்தால் கீறியதுபோல் நான்கு கோடுகள் இருந்தன. மலைக்காக மெலிதாக்கிய கலவை, கீழே அடர்ந்த காற்றில் இன்னும் மெலிந்து எஞ்சினைச் சுடவைக்கும். மாதம் இருமுறையாவது கீழே போய்வரும் வண்டிக்கு ஊசியின் ஒரு காடியோடு நிறுத்திக்கொள்வதே என் முடிவு. 2020-க்குப் பிந்தைய, பிஎஸ்6 புகை விதிப்படி வந்த எஃப்ஐ வண்டிகள் (கார்புரேட்டருக்குப் பதில் மின்னணு முறையில் பெட்ரோலைப் பீய்ச்சுபவை) பொதுவாகக் காற்றழுத்தத்தைக் கணக்கிட்டுப் பெட்ரோலைத் தாமாகவே குறைத்துக்கொள்வதால், அவற்றில் இந்த வேலையே கிடையாது.

அடுத்தது டாப்பெட், அதாவது வால்வுக்கும் அதை அழுத்தும் பாகத்துக்கும் இடையே விடும் இடைவெளி. எஞ்சின் முழுதாகக் குளிர்ந்திருக்கும் காலையில், வண்டியின் கையேடு சொல்லும் இடைவெளியை ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய தகடு கொண்டு அளந்து வைக்கவும். சத்தம் அடங்கட்டும் என்று இறுக்கிவிட்டால் வால்வ் முழுதாக மூடாமல் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் கலவை அழுத்தப்படும் அழுத்தம்) கசிந்து, நாளடைவில் வால்வே எரியும். கம்ப்ரஷன் கேஜ் வைத்துப் பார்ப்பவர்கள், உதகையில் அது சமவெளியைவிடக் கணிசமாகக் குறைத்தே காட்டும் என்பதை மறந்து நல்ல பிஸ்டன் ரிங்கை மாற்றிவிடுவதுண்டு. எனவே கீழே ஒருமுறை, மேலே ஒருமுறை அளந்து குறித்துவைப்பது நல்லது.

சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கினால், அதாவது போர் போட்டால், இழுவை கூடும் என்ற நம்பிக்கைக்குக் கணக்கே பதில். 50 மில்லிமீட்டர் போரை 50.5 ஆக்கினால் கொள்ளளவு இரண்டு சதவீதம்தான் கூடும். அது தேய்மானத்துக்கான பழுதுபார்ப்பு, சக்திக்கான வழியன்று. ஹெட்டைச் சீவிக் கம்ப்ரஷனை ஏற்றினால், மெல்லிய காற்றில் நாக்கிங் (கலவை கட்டுப்பாடின்றி வெடித்து எழும் தட்டல்) தெரியாது, மலையடிவாரக் கல்லாறு வந்ததும் தெரியும். பெரிய பிஸ்டன், திறந்த சைலன்சர் போன்றவை 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் வண்டியை மாற்றியமைப்பதைக் கட்டுப்படுத்தும் 52-ஆம் பிரிவையும் உரசுகின்றன.

உண்மையில் ஏற்றத்தில் வித்தியாசம் தெரியவேண்டுமானால் செயினை இழுக்கும் பற்சக்கரமான முன் ஸ்பிராக்கெட்டை ஒரு பல் குறைந்ததாக மாற்றுங்கள். 14 பல்லுக்குப் பதில் 13 என்றால், ஒவ்வொரு கியரிலும் பின்சக்கரத்துக்குப் போகும் இழுவை ஏறக்குறைய எட்டு சதவீதம் கூடும். எஞ்சினுக்குள் எதையும் தொடவில்லை, ஆகவே அதன் ஆயுளுக்கும் பெரிய கேடில்லை. நெடுஞ்சாலையில் அதே வேகத்துக்கு எஞ்சின் சற்று வேகமாகச் சுழலும், அவ்வளவுதான். பச்சைத் தேயிலை மூட்டையோடு கோத்தகிரிச் சரிவுகளில் இறங்குபவருக்கு இன்னொரு லாபம், எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்வதால் பிரேக் சூடேறுவது குறைகிறது. தேய்ந்த செயினில் புது ஸ்பிராக்கெட் போட்டால் ஒரே மழைக்காலத்தில் இரண்டும் போய்விடும் என்பதால் முழு செட்டாக மாற்றவும். சிறிய ஸ்பிராக்கெட்டுக்குச் செயின் தொய்யும். பின்சக்கரத்தைப் பின்னுக்கு இழுத்து, கையேட்டின் அளவுக்குத் தளர்வு வைத்து, இருபுறக் குறிகளும் ஒரே கோட்டில் நிற்கின்றனவா என்று பார்த்தபின்பே அச்சு நட்டை இறுக்கவும். சுமையோடு நூறு கிலோமீட்டர் ஓடியதும் அந்தத் தளர்வை மறுபடியும் சரிபார்க்கவும்.