பச்சையில் தொடங்கும் உடல்: எண்ணெய் வண்ணத்தில் நிர்வாண உருவம் தீட்டும் பழைய முறை

‘சதை நிறம்’ என்று பெயர் ஒட்டிய வண்ணக் குழாயை வாங்காதீர்கள். அதில் வெள்ளை கலந்து வெளிச்சமும், கறுப்பு கலந்து நிழலும் போட்டால் பிளாஸ்டிக் பொம்மைதான் கிடைக்கும். தோல் சுவர் மாதிரி ஒளியைத் தடுத்து நிறுத்துவதில்லை. கொஞ்சத்தை உள்ளே விட்டு, ரத்தத்திலும் கொழுப்பிலும் பட்ட பிறகு வெளியே அனுப்புகிறது. பழைய ஓவியர்களும் வண்ணத்தை அதே போல அடுக்கினார்கள்: அடியில் குளிர்ந்த பச்சை, மேலே சூடான சிவப்பும் மஞ்சளும். அடிப்பச்சை எங்கே எட்டிப் பார்க்க வேண்டும், எங்கே மறைய வேண்டும் என்று முடிவு செய்வதுதான் இதில் முக்கால்வாசி வேலை.

செய்முறை பழையது. 1400 வாக்கில் இத்தாலியில் ஓவியர் செனினோ செனினி எழுதி வைத்திருக்கிறார்: முகம், கை, பாதம், நிர்வாண உடல் எல்லாவற்றுக்கும் முதலில் டெர் வெர்ட் என்னும் பச்சை மண்ணில் கொஞ்சம் ஈய வெள்ளை கலந்து இரண்டு பூச்சு, இளஞ்சிவப்பு அதற்குப் பிறகுதான். லண்டன் நேஷனல் கேலரியில் மைக்கேலாஞ்சலோ பாதியில் விட்ட ‘மான்செஸ்டர் மடோனா’ இருக்கிறது. அதன் இடது ஓரத்தில் இரண்டு தேவதூதர்கள் அடிப்பூச்சோடு நிற்கிறார்கள், தோல் வரவேண்டிய இடமெல்லாம் பச்சை. அக்காலத்து இத்தாலிய முகங்கள் சில இன்று நோயாளி போலப் பச்சை பாய்ந்து தெரிவதற்கும் காரணம் இதுவே: மேலிருந்த சிவப்பு தேய்ந்தோ வெளிறியோ போக, அடிப்பூச்சு வெளியே வந்துவிட்டது.

இனி வேலை. 40 × 50 செ.மீ. கேன்வாஸ் போதும்; சிறிதானால் இடைநிறங்களுக்கு இடம் கிடைக்காது. ஜெஸ்ஸோ (கேன்வாஸைத் தயார் செய்யும் வெள்ளைப் பூச்சு) மூன்று பூச்சு அடித்து, ஒவ்வொன்றும் காய்ந்ததும் உப்புத்தாளால் லேசாகத் தேயுங்கள். ரா அம்பர் என்னும் பழுப்பு வண்ணத்தை டர்பன்டைனில் நீர்க்கக் கரைத்துப் பூசி, ஐந்து நிமிடத்தில் துணியால் துடைத்துவிடுங்கள். வெள்ளை கேன்வாஸில் எந்த நிறமும் கறுப்பாகத்தான் தெரியும். பயந்து எல்லாவற்றையும் வெளிறப் போட்டுவிடுவீர்கள். நடுத்தரச் சாம்பல் பழுப்பு அந்தக் குழப்பத்தைத் தடுக்கும்.

விளக்கு ஒன்றே ஒன்று, உருவத்துக்கு 45 டிகிரி மேலே, பக்கவாட்டில். இரண்டாவது விளக்கு வந்தால் நிழலுக்குள் இன்னொரு வெளிச்சம் புகுந்து வடிவம் கலைந்துவிடும். மாடல் 20 நிமிடம் இருந்தால் 5 நிமிடம் ஓய்வு. எழுவதற்கு முன் பாதம், முழங்கை, இடுப்பு படும் இடங்களை டேப் ஒட்டிக் குறியுங்கள். உடையில்லாமல் இருப்பவருக்கு அறை சூடாக இருக்க வேண்டும், ஆனால் ஹீட்டரை ஒரு பக்கம் மட்டும் வைத்தால் அந்தப் பக்கத் தோல் சிவந்துவிடும். நிற்கும் மாடலின் பாதங்களும் தொங்கும் கைகளும் 15 நிமிடத்தில் ரத்தம் இறங்கிக் கருஞ்சிவப்பாகும். எந்த நிமிடத்து நிறத்தைப் போடப் போகிறோம் என்று முதலிலேயே முடிவு செய்து அதிலேயே நில்லுங்கள். மாடல் கிடைக்காவிட்டால் உங்கள் இடது முன்கை போதும். லண்டன் ராயல் அகாடமி பள்ளியில் 1893 வரை பெண் மாணவிகளுக்கு உயிர் மாடல் வகுப்பே இல்லை. அந்த ஆண்டும், உடலில் கொஞ்சம் துணி மறைத்த மாடலைத்தான் அனுமதித்தார்கள். திறமைக்குக் குறைவில்லாத எத்தனையோ பெண்களுக்குப் பிளாஸ்டர் சிலைகள்தான் உடலைக் கற்றுக்கொடுத்தன.

அடிப்பூச்சுக்குப் பலரும் ஐவரி பிளாக் என்னும் கறுப்பையும் யெல்லோ ஓகர் என்னும் மண் மஞ்சளையும் கலந்து பச்சை எடுக்கிறார்கள். நிறம் அழகாகவே வரும். ஆனால் ஐவரி பிளாக் மெதுவாகக் காயும், எண்ணெயும் அதிகம் குடிக்கும். அதைத் தடிப்பாக அடியில் போட்டு மேலே சீக்கிரம் காயும் வண்ணம் பூசினால் சில ஆண்டுகளில் வெடிப்பு விடும். ரா அம்பரும் வெள்ளையும் கலந்தாலே பச்சை கலந்த சாம்பல் வரும். அம்பரிலுள்ள மாங்கனீசு அதை ஓரிரு நாளில் உலர்த்தியும் விடும். இன்னும் பச்சை வேண்டுமானால் டெர் வெர்ட் சேருங்கள். இதில் வெளிச்சத்திலிருந்து இருட்டு வரை ஐந்து படிகள் கலந்து பேலட்டில் வரிசையாக வைத்து, முழு உருவத்தையும் அந்த ஐந்திலேயே முடியுங்கள். கடைசியில் வரவேண்டியதைவிட ஒரு படி வெளிச்சமாகவே எல்லாம் இருக்கட்டும், மேலே வரும் மெல்லிய பூச்சுகள் எப்படியும் இருட்டாக்கும். விரலால் தொட்டால் ஒட்டாத வரை காத்திருங்கள். பதினாறாம் நூற்றாண்டு வெனிஸ் ஓவியர் தீத்சியானோ (டிஷியன்) கேன்வாஸைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்து, மாதக்கணக்கில் பார்க்காமலே விட்டுவிடுவார் என்று அவர் பட்டறையை அறிந்த ஓவியர் பால்மா ஜோவானே சொன்னதாகப் பதிவு இருக்கிறது. உங்களுக்கு ஒரு வாரம் போதும்.

வெளிச்சத்துக்கு: டைட்டானியம் வெள்ளை நான்கு பங்கு, யெல்லோ ஓகர் ஒரு பங்கு, கேட்மியம் ரெட் கால் பங்கு. டைட்டானியம் பலமானது, பேலட்டில் சரியாகத் தெரிவது கேன்வாஸில் சுண்ணாம்பாகும். எடுத்ததில் பாதியை முதலில் போட்டுப் பாருங்கள். நிழலுக்கு: பர்ன்ட் சியன்னாவும் (செம்பழுப்பு) கொஞ்சம் அல்ட்ராமரினும் (நீலம்), மெல்லிசாக. நிழலில் வெள்ளை கூடவே கூடாது, ஒரு துளி விழுந்தாலும் சாம்பல் படிந்துவிடும். கருந்தோலுக்கு அடிப்படையே வேறு: பர்ன்ட் சியன்னா, ரா அம்பர், துளி அல்ட்ராமரின். வெளிறிய தோல் கலவையை இருட்டாக்கிக் கருந்தோல் எடுக்க முயல்வதுதான் அடிக்கடி நடக்கும் தவறு, வருவது சேறு. கருந்தோலில் பளபளப்பு கூர்மையாக விழும், அதன் நிறம் நீலம் கலந்த வெள்ளை. செம்மை அதற்கு அடுத்த பட்டையில் இருக்கும். உள்ளங்கையும் பாதத்தின் அடியும் தனிக் கலவை.

இப்போது ஹாஃப் டோன்: வெளிச்சம் நிழலாக மாறும் அந்த நடுப்பட்டை. தோல் உயிரோடு இருப்பதோ சாவதோ இங்கேதான். வெளிச்சக் கலவையையும் நிழல் கலவையையும் கலந்தால் நடுநிறம் கிடைக்கும் என்றுதான் தோன்றும், ஆனால் அப்படிச் செய்தால் செங்கல் நிறம் வரும். இந்தப் பட்டை இரண்டைவிடவும் குளிர்ந்தது. காய்ந்த பச்சை அடிப்பூச்சை இங்கே பாதி திறந்தே விடுங்கள். வெளிச்சக் கலவையை மிகக் கொஞ்சமாக, எண்ணெய் சேர்க்காமல், தேய்ந்த பன்றிமயிர் பிரஷ்ஷில் எடுத்துத் துணியில் ஒருமுறை ஒற்றிவிட்டு, பட்டையின் மேல் படர இழுங்கள். கேன்வாஸின் நூல்மேட்டில் மட்டும் வண்ணம் பிடிக்கும், பள்ளங்களில் பச்சை மீந்திருக்கும். நீலம் ஒரு துளிகூடப் போடாமல் அங்கே நீலச் சாயல் எழும்பும். இருட்டின் மேல் மெல்லிய வெண்படலம் நீலமாகத் தெரியும். புகை இருட்டுக்கு முன்னால் நீலமாகத் தெரிவதும் இதனால்தான். பதினேழாம் நூற்றாண்டு ஃபிளெமிஷ் ஓவியர் ரூபென்ஸின் உடல்களில் முத்துபோல மின்னும் சாம்பல்நீலம் பெரும்பாலும் இப்படி வந்ததே. ஃபுளோரன்ஸின் உஃபிஸி அருங்காட்சியகத்திலுள்ள தீத்சியானோவின் ‘உர்பினோ வீனஸ்’ (1538) உடலில் கறுத்த நிழல் ஏறக்குறைய இல்லை. வயிறும் தொடையும் உருள்வது இந்தப் பட்டையால்தான். நேர்மாறாக, பிரெஞ்சு ஓவியர் மனே ‘ஒலிம்பியா’வில் (1863) முன்னாலிருந்து நேராக விழும் வெளிச்சம் வைத்து இப்பட்டையை ஏறக்குறைய நீக்கிவிட்டார். 1865 பாரிஸ் சலோன் கண்காட்சியில் அது தட்டையாக இருக்கிறது, அழுக்காக இருக்கிறது என்று ஏசினார்கள். அவர் தெரிந்தே செய்தார். தெரியாமல் செய்தால் வெறும் தட்டைதான்.

உடல் முழுக்க ஒரே சூடும் கிடையாது. காது, கன்னம், முழங்கை, விரல் கணு, முழங்கால், குதிகால் சிவப்பு. மார்பெலும்பு, கழுத்தெலும்பு, கெண்டைக்காலின் முன்பக்கம் என எலும்பு மேலே வரும் இடங்கள் மஞ்சள் கலந்து வெளிறும். அடிவயிறும் மேற்கையின் உட்புறமும் பச்சை நீலம். இந்த மாற்றம் மிகச் சிறியது. கலவையில் பிரஷ் நுனியளவு சேர்த்தால் போதும்.

காய்ந்த பிறகு சிவப்பு கிளேஸ், அதாவது அடிநிறம் தெரியும்படி விடும் மெல்லிய பூச்சு. ஸ்டாண்ட் ஆயில் (கெட்டிப்படுத்திய ஆளிவிதை எண்ணெய்) ஒரு பங்கு, டர்பன்டைன் இரண்டு பங்கு, அதில் நிறம் துளி. அலிசரின் கிரிம்சன் மெல்லிய பூச்சில் வெளிறிப்போகும், குவினாக்ரிடோன் வகைச் சிவப்பை எடுங்கள். பூசி, பிறகு உள்ளங்கையால் தட்டித் தட்டி எடுங்கள். கேட்மியம் சேர்ந்த பூச்சானால் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். கடைசியில் மட்டும் தடித்த வெளிச்சம்: தோள்முனை, முழங்கால் என நான்கைந்து இடம், அதற்கு மேல் வேண்டாம்.

சில இடங்கள் மங்கிப் பளபளப்பு இழந்து போனால் நிறம் தவறு என்று நினைத்து மேலும் பூசாதீர்கள். அடிப்பூச்சு எண்ணெயை உறிஞ்சியிருக்கிறது, அவ்வளவுதான். ஆளிவிதை எண்ணெயும் டர்பன்டைனும் சம பங்கு கலந்து மெல்லத் தடவி, மிச்சத்தைத் துடைத்தால் பழைய நிறம் திரும்பும். அந்தத் துணியைச் சுருட்டி மூலையில் போடக் கூடாது. ஆளிவிதை எண்ணெய் உலரும்போது சூடேறித் தானே தீப்பற்றும். தண்ணீர் நிரம்பிய மூடியுள்ள தகர டப்பாவில் போடுங்கள்.