டைட்டானியம் சஃபையர் லேசரில் ஃபெம்டோ விநாடித் துடிப்பை வரவழைப்பது எப்படி?

ஃபெம்டோ விநாடி என்பது ஒரு விநாடியின் ஆயிரம் லட்சம் கோடியில் ஒரு பங்கு. பெட்டியாக வாங்கிய லேசர் என்றால் பொத்தானை அமுக்கினால் வேலை முடிந்தது. நான் சொல்வது மேஜைமேல் திறந்து கிடக்கும் அமைப்பு: நடுவில் டைட்டானியம் சஃபையர் படிகம், அதன் இருபுறமும் குழியாடிகள், ஒரு ஜோடிப் பிரிசம், ஒரு கோடியில் முழு ஆடி, மறுகோடியில் ஒளியில் ஒரு பங்கை வெளியே விடும் ஆடியான அவுட்புட் கப்ளர்.

முதலில் கண். படிகத்துக்கு ஆற்றல் ஊட்டும் 532 நானோமீட்டர் பச்சை லேசர்தான் பம்ப். அதைத் தடுக்கும் கண்ணாடி, நம் லேசர் வெளிவிடும் 800 நானோமீட்டரையும் தடுக்கும் என்று நம்பாதீர்கள். இரண்டு எண்ணும் அதில் எழுதியிருக்க வேண்டும். 800 மங்கிய சிவப்பாகத்தான் தெரியும், அதை வைத்து பலவீனமானது என்று நினைத்துவிடக் கூடாது. மோதிரம், வாட்ச் எல்லாம் கழற்றி வையுங்கள்.

பம்பைப் போட்டதும் படிகம் சிவப்பாக ஒளிரும். அந்த ஒளி இரு கோடி ஆடிகளிலும் பட்டுத் திரும்புகிறது. திரும்பும் புள்ளிகளை ஒன்றன்மேல் ஒன்றாக விழவைத்தால் லேசர் பிடித்துக்கொள்ளும். இதுவரை வருவது தொடர் ஒளிதான்.

புதிதாக வருபவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். பவர் மீட்டரைப் பார்த்துப் பார்த்து உச்சத்துக்குக் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, துடிப்பு வரவில்லையே என்பார்கள். அங்கே வராது. செறிவான துடிப்பு படிகத்துக்குள் போகும்போது, கற்றையின் நடுவில் ஒளிவிலகல் எண் ஓரத்தைவிடக் கூடும். படிகமே சின்ன லென்ஸாகிவிடும். இதுதான் கெர் லென்ஸ். தொடர் ஒளிக்கு அந்த லென்ஸ் கிடைக்காது. ஆகவே லென்ஸ் இல்லாமல் லேசர் கொஞ்சம் திணற வேண்டும், லென்ஸ் இருந்தால் நன்றாக ஓட வேண்டும்.

அந்த இடத்தைப் பிடிக்க, ஒரு குழியாடியை மைக்ரோமீட்டர் திருகால் மெல்ல நகர்த்துங்கள். லேசர் ஓடும், அணையும், மறுபடி ஓடும்: நடுவில் இடைவெளி விட்டு இரண்டு நிலைப்பகுதிகள். ஒரு பகுதியின் விளிம்புக்குப் போய், பவர் சற்று இறங்கிய இடத்தில் நில்லுங்கள்.

அப்புறம் பிரிசம். ஒரு துடிப்பில் பல அலைநீளங்கள் கலந்திருக்கும்; படிகத்துக்குள் சிவப்புப் பக்கம் முந்தும், நீலப் பக்கம் பிந்தும். பிரிசம் ஜோடி அதை நேராக்குகிறது. உருகிய சிலிக்கா என்றால் இரண்டுக்கும் நடுவே 60 சென்டிமீட்டர் வாக்கில் வைத்துத் தொடங்கலாம். துடிப்பைத் தொடங்கிவைக்க, இரண்டாவது பிரிசத்தைச் சட்டென்று தள்ளி விடுங்கள். சிலர் மேஜையைத் தட்டுவார்கள்; எனக்கு அது பிடிக்காது, மற்ற ஆடிகளும் ஆடிப்போகும்.

துடிப்பு வந்ததை, ஒளியின் அலைநீளங்களைப் பிரித்துக் காட்டும் ஸ்பெக்ட்ரோமீட்டர் காட்டிக்கொடுக்கும். ஊசிபோல நின்ற கோடு பொட்டென்று சரிந்து, பத்து, இருபது நானோமீட்டர் அகலத்துக்குக் குன்றாகப் படுத்துவிடும். ஆடிக்கு ஆடி 1.87 மீட்டர் நீளமானால் ஆசிலோஸ்கோப்பில் 12.5 நானோ விநாடிக்கு ஒரு துடிப்பு, அதாவது 80 மெகாஹெர்ட்ஸ். குன்றின்மேல் இன்னும் ஊசி நின்றால் தொடர் ஒளி கலந்திருக்கிறது. பம்பைக் கொஞ்சம் குறையுங்கள். குன்று முழுக்க வரிவரியாகத் தெரிந்தால் ஒன்றுக்கு இரண்டு துடிப்பு ஓடுகிறது. அதற்கும் பம்பைக் குறைப்பதுதான் முதல் வைத்தியம்.

1982-இல் பீட்டர் மோல்டன் இந்தப் படிகத்தை லேசராக்கினார். 1991-இல் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் வில்சன் சிபெட் குழு அதிலிருந்து 60 ஃபெம்டோ விநாடித் துடிப்பை வெளியிட்டது. துடிப்பைத் தூண்டும் தனிக் கருவி எதுவும் உள்ளே இல்லாமலே வந்ததால், ஆரம்பத்தில் அதை மாயம் என்றே சொன்னார்கள்.

கடைசியாக அளவு. ஃபோட்டோடயோடால் இவ்வளவு குறுகிய நேரத்தை அளக்க முடியாது, துடிப்பை அதன் நகலோடு ஒப்பிட்டு நீளத்தை அளக்கும் ஆட்டோகோரிலேட்டர் வேண்டும். 800 நானோமீட்டரில் 50 ஃபெம்டோ விநாடிக்கு, ஸ்பெக்ட்ரோமீட்டரில் தெரியும் குன்று சுமார் 13 நானோமீட்டர் அகலம் இருக்க வேண்டும். அதைவிடக் குறுகலாக இருந்தால் அளக்க உட்காரவே வேண்டாம். அளப்பதைச் சோதனை நடக்கும் இடத்திலேயே செய்யுங்கள். 10 ஃபெம்டோ விநாடித் துடிப்பு வழியில் ஒரு சென்டிமீட்டர் உருகிய சிலிக்காவைக் கடந்தால் 100 ஃபெம்டோ விநாடியாக நீண்டுவிடும்.