ட்யூப் ஃபீட் கொடுப்பவர்கள் வால்வு விஷயத்தில் செய்யும் தவறுகள்

போன வாரம் கடலூர் முதுநகரில், வீட்டு நர்சிங்குக்குப் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தியின் வேலையைப் பார்க்கப் போயிருந்தேன். மூக்கு வழியாகப் போட்ட ட்யூபில் ஃபீட் (திரவ உணவு) கொடுத்த கையோடு தாத்தாவை மல்லாக்கப் படுக்க வைத்து பெட்ஷீட்டை உருவினாள். ஓடிப்போய் அவரைத் தூக்கி உட்கார வைத்தேன். “அஞ்சு நிமிஷம்தான் சிஸ்டர்” என்றாள். ஒரு காலத்தில் நானும் அதையேதான் சொன்னேன்.

கை கழுவுவது, ட்யூப் இடத்தில் இருக்கிறதா என்று பார்ப்பது எல்லோருக்கும் தெரியும். அதை விடுங்கள்.

வால்வு என்றால் ஒரு மூடி என்று நினைப்பது

உணவுப் பாதையில் வால்வு என்று நாம் சொல்பவை பெரும்பாலும் தசை வளையங்கள். உணவுக்குழாயின் இரண்டு முனையிலும் இருப்பவை சும்மா இருக்கும்போது இறுகியிருக்கும், விழுங்கும்போது தளரும். சிறுகுடல் பெருங்குடலோடு சேரும் இடத்தில் மட்டும் உதடு மாதிரி இரண்டு மடிப்புகள் உண்டு.

ஃபீட் முடிந்ததும் படுக்க வைப்பது

இன்றும் எனக்குக் கோபம் வருவது இதற்குத்தான். இரைப்பைக்கு மேலே இருக்கும் வளையம் 3, 4 செ.மீ. நீளம். உதரவிதானமும் வெளியிலிருந்து அதை இறுக்கிப் பிடிக்கிறது. அதற்குள் ராப்பகலாக ரைல்ஸ் ட்யூப் (மூக்கிலிருந்து இரைப்பைக்குப் போகும் குழாய்) கிடந்தால் எப்படி முழுசாக மூடும்? தொண்டைக்குக் கீழே இருக்கும் மேல் வளையத்துக்கும் அதே நிலைதான். நிமிர்ந்திருந்தால் கஞ்சி தன் எடையால் கீழே நிற்கும். படுத்தால் அந்தத் துணையும் போச்சு.

வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம், பக்கவாதம் வந்த பெரியவர் ஒருவருக்கு 200 மி.லி. கொடுத்துவிட்டு, ஷீட் மாற்றக் கட்டிலைத் தாழ்த்தினேன். கடைவாயில் பால் வழிந்தது. அவருக்கு இருமக்கூடத் தெம்பில்லை. மறுநாள் காய்ச்சல், அப்புறம் நிமோனியா. அந்த வாரம் வீட்டுக்குப் போக வேண்டியவர் இன்னும் 12 நாள் வார்டில் கிடந்தார். அவர் மனைவி என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த முகம் எனக்கு மறக்கவே இல்லை.

உடம்பு துடைப்பது, திருப்பிப் போடுவது, ஷீட் மாற்றுவது எல்லாம் ஃபீடுக்கு முன்னாலேயே முடியட்டும். தலைப்பக்கம் 30 முதல் 45 டிகிரி உயர்ந்திருக்க வேண்டும். கொடுத்து முடித்த பிறகும் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் அப்படியே இருக்கட்டும். வீட்டுக் கட்டிலில் தலைக்கு மட்டும் இரண்டு தலையணை வைத்தால் கழுத்துதான் மடங்கும், வயிறு இன்னும் அழுந்தும். இடுப்பிலிருந்து முதுகு முழுக்கச் சாய்மானம் கொடுங்கள்.

சிரிஞ்சை அழுத்தித் தள்ளுவது

தூக்கிப் பிடித்தால் தானாக இறங்கும். இரைப்பை திடீரென்று உப்பினாலே அதற்கு மேலே இருக்கும் வளையம் தளர்ந்துவிடலாம்.

நெஞ்செரிச்சல் என்று முடிவு கட்டுவது

நெஞ்சில் எரிச்சல் என்றால் அது இதயக் கோளாறாகவும் இருக்கலாம். ஈசிஜி பார்க்காமல் முடிவு வேண்டாம்.

மலம் வரும்போது “கொஞ்சம் பொறுங்க” என்பது

ஆசனவாயின் இரண்டு வளையங்களில் வெளி வளையம் மட்டும்தான் நோயாளியின் சொல் கேட்கும். பக்கவாதம் வந்தவருக்கு அதுவும் கேட்காமல் போகலாம். பெட்பேனை உடனே வையுங்கள்.