வயதான பிறகு மொழி கற்கிறீர்களா? மூளையோடு மல்லுக்கட்டாதீர்கள்

முப்பது வயதைத் தாண்டிப் புது மொழி படிக்க ஆரம்பிக்கிறவர்கள் பலர் முதல் மாதத்திலேயே "சின்ன வயசுலயே படிச்சிருக்கணும், இனிமே மண்டையில ஏறாது" என்று சொல்லிவிடுகிறார்கள். இதுதான் முதல் தவறு. நெதர்லாந்துக்குக் குடிபோன ஆங்கிலக்காரர்கள் டச்சு மொழி கற்பதை ஸ்னோ, ஹூஃப்நாகல்-ஹூலே என்ற இரு ஆய்வாளர்கள் கவனித்து 1978-ல் எழுதினார்கள். ஆரம்ப மாதங்களில் வேகமாகக் கற்றவர்கள் பதின்ம வயதினரும் பெரியவர்களும்தான், மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகள் கடைசியில் இருந்தார்கள். நீண்ட காலப் போக்கில், குறிப்பாக உச்சரிப்பில், குழந்தைகள் முந்திக்கொள்வது உண்மைதான். ஆனால் பெரியவர்களின் மூளை கற்க மறுக்கிறது என்பது உண்மையில்லை.

பிறகு ஏன் படித்தது நினைவில் நிற்கவில்லை என்று கேட்டால், என் கணிப்பில் பெரும்பாலும் படிக்கிற முறைதான் காரணம். சொல் பட்டியலைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறோம். ஐந்தாவது தடவை வாசிக்கும்போது எல்லாமே பழகிய முகங்களாகத் தெரிகின்றன, சரி, மனதில் பதிந்துவிட்டது என்று நம்பிவிடுகிறோம். பார்த்தால் அடையாளம் தெரிவது வேறு, எதிரே ஒருவர் நிற்கும்போது அந்தச் சொல்லை உள்ளிருந்து எடுப்பது வேறு. 2008-ல் கார்ப்பிக், ரோடிகர் என்ற இரு உளவியலாளர்கள் மாணவர்களுக்கு 40 சுவாஹிலிச் சொற்களை ஆங்கிலப் பொருளோடு கற்பித்தார்கள். ஒரு சொல்லை ஒருமுறை சரியாகச் சொன்ன பிறகு, சிலர் அதை மறுபடி வாசிக்க மட்டும் செய்தார்கள், சிலர் வாசிப்பதை விட்டுவிட்டு அதை நினைவிலிருந்து எடுத்துப் பார்ப்பதைத் தொடர்ந்தார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, எடுத்துப் பார்த்தவர்களுக்குச் சுமார் 80 சதவீதமும் வாசித்தவர்களுக்கு அதில் பாதிக்கும் குறைவாகவும்தான் நினைவிருந்தது. என்னை உலுக்கியது இன்னொரு விஷயம்: எவ்வளவு நினைவிருக்கும் என்று முன்பே கேட்டதற்கு எல்லாக் குழுக்களும் ஏறக்குறைய ஒரே பதிலைத்தான், பாதி என்றுதான், சொல்லியிருந்தன. அதாவது எந்த முறை பலன் தருகிறது என்று நமக்கே தெரிவதில்லை. அதனால் பொருளை மூடி வைத்துவிட்டு, வராத சொல்லுக்காகச் சில விநாடி திணறுங்கள், எரிச்சலாக இருந்தாலும் அந்தத் திணறலில்தான் சொல் பதிகிறது.

இதோடு ஒட்டியதுதான் ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் உட்கார்ந்து மொத்தமாக முடிக்கிற பழக்கம். ஜெர்மன் உளவியலாளர் எபிங்ஹவுஸ் பொருளற்ற அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, மறதி முதல் சில மணி நேரத்தில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் நடக்கிறது என்று 1885-லேயே காட்டிவிட்டார். இன்று படித்ததை நாளை, அப்புறம் மூன்று நாள் கழித்து, அப்புறம் ஒரு வாரம் கழித்து என்று கொஞ்சம் மறக்க ஆரம்பிக்கும் நேரத்தில் தொடுங்கள். தினம் இருபது நிமிடம் போதும். தூக்கத்தையும் வெட்டாதீர்கள், ஏனென்றால் பகலில் ஹிப்போகாம்பஸ் (புது நினைவுகளை முதலில் பிடித்துவைக்கிற மூளைப் பகுதி) பிடித்துவைத்ததை மூளை நிலையான நினைவாக்குகிற வேலையில் பெரும்பகுதி தூங்கும்போதுதான் நடக்கிறது.

ஒரே வகைச் சொற்களை ஒரே நாளில் படிப்பதும் வேண்டாம். புத்தகங்கள் வண்ணங்கள் ஒரு பக்கம், உறவுமுறைகள் ஒரு பக்கம் என்று அழகாக அடுக்கித் தருகின்றன, ஆனால் ஒன்றோடொன்று நெருங்கிய சொற்கள் புதிதாகச் சேர்ந்து வரும்போது ஒன்றையொன்று குழப்பும். ஜப்பானிய மொழியில் 'ஹிதாரி' இடது, 'மிகி' வலது. இரண்டையும் ஒரே நாளில் படித்ததால் பல மாதம் எது எது என்று தடுமாறினேன். ஒன்று நன்றாக ஊறிய பிறகு அடுத்ததை எடுத்திருக்கலாம்.

இலக்கண விதி தெரிந்தால் பேச்சு வந்துவிடும் என்ற நம்பிக்கையும் தவறானது. எச்.எம். என்று அறியப்பட்ட ஹென்றி மோலைசனுக்கு 1953-ல் நடந்த மூளை அறுவையில் ஹிப்போகாம்பஸின் பெரும்பகுதி அகற்றப்பட்டது, புதிய நிகழ்வு எதுவும் அவர் நினைவில் தங்கவில்லை. ஆனாலும் கண்ணாடியில் பார்த்து நட்சத்திரம் வரைகிற பயிற்சியில் நாளுக்கு நாள் தேறினார், முந்தின நாள் அதைச் செய்ததே அவருக்கு ஞாபகம் இல்லை. ஒன்றை அறிந்துவைத்திருக்கும் நினைவும், செய்து செய்து கைவரும் நினைவும் வேறு வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி கிடைப்பது கஷ்டம். வினைத் திரிபு அட்டவணையைக் கரைத்துக் குடித்தவர் கடைக்காரரிடம் வாய் திறக்க முடியாமல் நிற்பது இதனால்தான். தப்பும் தவறுமாக, தினமும், வாய்விட்டுப் பேசித்தான் இரண்டாவது நினைவு வளரும்.

கடைசியாக, காது. ஆறேழு மாதக் குழந்தைக்கு எந்த மொழியின் ஒலி வேறுபாடும் பெரும்பாலும் கேட்கும். ஆங்கிலச் சூழலில் வளரும் குழந்தை முதல் பிறந்தநாளை நெருங்கும்போது இந்தியின் 'த'வையும் 'ட'வையும் பிரித்தறிவதை ஏறக்குறைய இழந்துவிடுகிறது. நமக்கும் வேறு மொழி ஒலிகளில் இதே கதிதான், அதனால் ஒரே ஆசிரியர் குரலை மட்டும் கேட்டுக்கொண்டிருப்பது பெரிய இழப்பு. ஆங்கிலத்தின் 'ர', 'ல' ஒலிகளைப் பிரிக்க முடியாத ஜப்பானியர்களுக்குப் பலர் குரலில் சொற்களைக் கேட்கவைத்து, எது என்று ஊகிக்கச் சொல்லி, சரியா தவறா என்று உடனே சொல்லிப் பயிற்சி தந்த ஆய்வுகள் தொண்ணூறுகளில் வந்தன. கேட்கும் திறன் கூடியதோடு, பேசப் பயிற்சி எதுவும் தராமலே அவர்கள் உச்சரிப்பும் மேம்பட்டிருந்தது.