தாத்தாவின் மெடலை எந்த ஆபீசில் விசாரிப்பது?

பெங்களூரில் அல்சூர், மர்ஃபி டவுன் பக்கம் பழைய தமிழ்க் குடும்பங்களின் பீரோவைத் திறந்தால், பட்டுப்புடவைக்கும் எல்ஐசி பத்திரத்துக்கும் நடுவே ஒரு மெடல் கிடக்கும். மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவ என்ஜினியர் படை இருக்கிற ஊர், வேறென்ன இருக்கும்? எனக்கு மெடல் பைத்தியம் உண்டு என்று தெருவுக்கே தெரியும் என்பதால் கொண்டுவந்து காட்டுவார்கள். கூடவே ஒரு கேள்வி: "அங்கிள், இது ராஜா கொடுத்தது. லண்டன் அரண்மனைக்கு மெயில் போட்டால் தாத்தாவைப் பற்றிச் சொல்வார்களா?"

பெரும்பாலும் அது தப்பான விலாசம். அரண்மனையில் இதற்கென்று ஓர் ஆபீஸ் இருப்பது உண்மைதான்: சென்ட்ரல் சான்சரி ஆஃப் தி ஆர்டர்ஸ் ஆஃப் நைட்ஹுட். 1904-ல் ஏழாம் எட்வர்ட் காலத்தில் ஏற்பட்டது. அதற்கு முன் ஹோம் ஆபீஸ், காலனி ஆபீஸ், இந்தியா ஆபீஸ் என்று ஆளுக்கொரு பக்கம் இந்த வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதை ஒரே கூரைக்குக் கீழ் கொண்டுவந்து அரண்மனையின் மூத்த அதிகாரியான லார்ட் சேம்பர்லினின் பொறுப்பில் வைத்தார்கள். ஆனால் அதன் கணக்கில் வருவது கார்ட்டர், பாத், 1861-ல் தொடங்கிய ஸ்டார் ஆஃப் இந்தியா, 1917-ல் வந்த பிரிட்டிஷ் எம்பயர் போன்ற ஆர்டர்கள், அதாவது ராஜா பெயரில் தரும் கௌரவப் பட்டங்கள். யார் யாருக்குக் கொடுத்தது என்று பதிவு வைப்பது, சின்னங்களைத் தயார் செய்வது, ராஜா கையால் அணிவிக்கும் விழாவை நடத்துவது, சிலவற்றை வாங்கியவர் இறந்தபின் திரும்பப் பெறுவது, இவைதான் வேலை. போருக்குப் போன எல்லாருக்கும் கிடைத்த மெடல் ராணுவத்தின் கணக்கு. ஆகவே கையிலிருப்பது ஆர்டரா, போர் மெடலா என்று முதலில் பாருங்கள்.

ஆறு முனை நட்சத்திரமாக, மஞ்சள் உலோகத்தில் இருந்தால் இரண்டாம் உலகப்போர். எதற்கு என்று முகப்பிலேயே எழுதியிருக்கும். பர்மா ஸ்டார் என்றால் ரிப்பனில் கருநீலம், நடுவே அகலமாகச் சிவப்பு, நீலத்துக்குள் ஆரஞ்சுக் கோடுகள். வட்ட மெடலில் இரண்டு தலை டிராகனை மிதித்து நிற்கும் சிங்கம் தெரிந்தால் அது வார் மெடல். இந்தியா வரைபடம் இருந்தால் இந்தியா சர்வீஸ் மெடல். இதன் ரிப்பனில் உள்ள வெளிர்நீலமும் கருநீலமும் ஸ்டார் ஆஃப் இந்தியா, இந்தியன் எம்பயர் ஆகிய இரண்டு பெரிய ஆர்டர்களின் நிறங்கள். அந்த ஆர்டர்களின் கிட்டேயே போயிருக்க முடியாத சிப்பாய்களின் நெஞ்சில் அந்த நிறம் மட்டும் தொங்கியது.

இப்போது பூதக்கண்ணாடியை எடுங்கள். வட்ட மெடலானால் விளிம்பு, நட்சத்திரமானால் பின்பக்கம். ஜன்னலோரம் நின்று, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி மெதுவாகத் திருப்புங்கள். முதலில் நம்பர், அப்புறம் பதவி, பெயர், கடைசியில் படையின் சுருக்கம். எஸ்பிஆர் என்றால் சாப்பர், அதாவது என்ஜினியர் படைச் சிப்பாய், எச்ஏவி என்றால் ஹவில்தார். ஐ.இ. இந்தியன் என்ஜினியர்ஸ். ஆர்.ஐ.ஏ.எஸ்.சி. வண்டியும் ரேஷனும் கொண்டுபோன சர்வீஸ் கோர். இரண்டாம் போரின் நட்சத்திரங்களைப் பிரிட்டிஷ் சிப்பாய்களுக்குப் பெயர் பொறிக்காமலே கொடுத்தார்கள், இந்தியப் படைகளுக்குப் பொறித்தார்கள். நமக்கு அதிர்ஷ்டம். பெயரை வெள்ளைக்காரக் காதுக்கு எட்டியபடி எழுதியிருப்பார்கள், முனுசாமி எப்படி வேண்டுமானாலும் இருப்பார். பெயரை நம்பாதீர்கள், நம்பரைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பிரிட்டிஷ் எம்பயர் ஆர்டரின் ஒரு வகுப்பான எம்பிஇ, சிலுவை வடிவில், கிடைத்தால் அது அரண்மனைக் கணக்கு. விந்தை என்னவென்றால் இதில் பொதுவாகப் பெயரே இருக்காது. நடுவில் பிரிட்டானியா உட்கார்ந்திருந்தால் 1937-க்கு முந்தைய வடிவம், கிரீடத்தோடு ராஜா ராணி இருவர் முகம் என்றால் பிந்தையது. அந்த ஆண்டுதான் ஊதா ரிப்பனும் சாம்பல் கரையிட்ட ரோஜா நிறமானது. யாருக்குக் கிடைத்தது என்பதற்கு அத்தாட்சி சான்றிதழும் பிரிட்டிஷ் அரசிதழான லண்டன் கெஜட்டும்தான். கெஜட்டை இணையத்தில் இலவசமாகத் தேடலாம். போர் மெடல்களை அதில் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம், அங்கே போட மாட்டார்கள்.

ராவ் பகதூர், ராவ் சாகிப் பதக்கம் இன்னொரு ரகம். பட்டத்தைக் கொடுத்தது வைஸ்ராய், பதக்கம் 1911 டெல்லி தர்பாரோடு வந்தது. வீட்டில் சன்னது, அதாவது பட்டம் கொடுத்த அரசுப் பத்திரம், இருக்கிறதா என்று பாருங்கள். பதக்கத்தைவிட அந்தக் காகிதம்தான் பேசும்.

இதற்கு நடுவில் தயவுசெய்து மெடலைத் தேய்க்காதீர்கள். பூஜைப் பாத்திரத்தோடு சேர்த்துப் புளி போட்டு விளக்கிய ஒரு வார் மெடலைப் பார்த்தேன். சிங்கம் பளபளவென்று நிற்கிறது, விளிம்பில் எஸ்பிஆருக்கு அப்புறம் ஒன்றுமில்லை. விபூதியும் வேண்டாம், பித்தளை பாலீஷும் வேண்டாம். உலர்ந்த பருத்தித் துணியால் தூசியைத் துடைத்தால் போதும். ரிப்பன் நைந்திருந்தாலும் கழற்றி எறியாதீர்கள், அடையாளத்துக்கு அதுவும் உதவும்.

சாப்பர் என்று உறுதியானால் லண்டன் எதற்கு? மெட்ராஸ் சாப்பர்ஸின் இன்றைய பெயரான மெட்ராஸ் என்ஜினியர் குரூப்பின் ரெக்கார்ட்ஸ் ஆபீஸ் நம் ஊரிலேயே இருக்கிறது. தமிழ்நாட்டுக்காரரும் வீரத்துக்கான ஜார்ஜ் கிராஸ் பெற்றவருமான சுபேதார் சுப்பிரமணியனின் படை இதுதான். நம்பர், பதவி, மெடலில் உள்ள எழுத்துப்படி பெயர், சொந்த ஊர், தகப்பனார் பெயர், உங்களுக்கும் அவருக்கும் உள்ள உறவு, இத்தனையும் ஒரே பக்கத்தில் எழுதுங்கள். விளிம்பின் போட்டோவும் பழைய பென்ஷன் புத்தகத்தின் ஜெராக்ஸும் இணைத்து ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்கள். மெடலை அனுப்பாதீர்கள்.